அரை மணி நேரத்து அக்கா

வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு வான்கூவரில் விமானம் ஏறுகிறேன், டெல்லியில் மாறி, சனிக்கிழமை காலை பத்தரைக்குப் பெங்களூரில் இறங்குகிறேன். செய்தி இவ்வளவுதான். அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கையிலிருந்த பீன்ஸை முறத்தில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“நடுவுல வெள்ளிக்கிழமை எங்க போச்சு?” என்றாள்.

அனுப்பியவள் என் பெரியம்மாவின் மகள். பெரியம்மா நர்ஸ் வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனபோது நான் பிறந்திருக்கவில்லை, அவளும் பிறந்திருக்கவில்லை. அங்கே பெரியம்மாவுக்கு இவள் ஒருத்திதான் பிள்ளை, இங்கே அம்மாவுக்கு நான் ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரே டிசம்பரில், ஒரே வாரக்கடைசியில் பிறந்தோம். அவள் சனிக்கிழமை, நான் ஞாயிற்றுக்கிழமை. அதனால் அவள் அக்கா, நான் தங்கை. ஒரே ஒரு நாள் வித்தியாசத்துக்காக வாழ்நாள் முழுக்க இன்னொருத்திக்கு அடங்கி இருப்பது எத்தனை அநியாயம் என்பது தங்கையாகப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பூமி சுற்றுவதும், கிழக்கே சூரியன் முந்தி உதிப்பதும், தீர்க்கரேகை ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிஷம் கூடுவதும் குறைவதும் வருஷா வருஷம் ஜூலை மாதம் நான் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கலந்து ஒப்பிக்கிற பாடம். ஆகவே அம்மாவுக்கு விளக்க உட்கார்ந்தேன். போனில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினேன். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் என்று வந்தது. நேராகப் பறந்தால் பதினைந்து, பதினாறு மணி நேரம் ஆகும் என்றும் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், நேரடி விமானம் கிடையாது என்று எழுதியிருந்தது. இல்லாத விமானத்துக்கு எதற்கு நேரம் சொல்லுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. டிக்கெட்டில் மொத்தப் பயணம் இருபத்து நான்கு மணி நேரம் என்று இருந்தது.

“இருபத்து நாலு மணி நேரம்னா ஒரு நாளு. வியாழக்கிழமை ராத்திரி ஏறினா வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து சேரணும் அல்வா?” என்று அம்மா கேட்டாள்.

இந்த ‘அல்வா’ தின்கிற பண்டம் இல்லை. கன்னடத்தில் ‘இல்லையா’ என்று கேட்பது. மைசூர்த் தமிழர்கள் வாயில் அது எப்போது வந்து ஒட்டிக்கொண்டதோ, எங்கள் வீட்டில் பாதி வாக்கியங்கள் அதில்தான் முடியும். அக்கா சின்ன வயதில் போனில் பேசும்போது, சித்தி ஏன் எப்போதும் ஸ்வீட்டைப் பற்றியே பேசுகிறாள் என்று பெரியம்மாவிடம் கேட்டாளாம். பிறகு அவளும் அதையே கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பெரியம்மாவைத் தவிர அங்கே ஆள் இல்லை. அதனால் பெரியம்மா ஊரைவிட்டுப் போனபோது எடுத்துக்கொண்டு போன பழைய மைசூர்த் தமிழ் அவள் நாக்கில் அப்படியே இருக்கிறது.

ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து அதன் விளிம்பில் மைசூரையும் எதிர் விளிம்பில் வான்கூவரையும் வைத்தேன். நமக்குக் காலை என்றால் அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம், நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அவள் வியாழக்கிழமை ராத்திரி ஏறும்போதே இங்கே வெள்ளிக்கிழமை காலை பத்தரை ஆகிவிட்டிருக்கும் என்று சொன்னேன். அதற்குமேல் இருபத்து நான்கு மணி நேரம் கூட்டினால் சனிக்கிழமை பத்தரை. கணக்கு சரியாக வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. வகுப்பில்கூட இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய கவலை வேறு. நாங்கள் வெள்ளிக்கிழமை கவிச்சி சாப்பிடாத வீடு. விமானத்தில் அவளுக்குக் கோழி கொடுத்தால் அது எந்தக் கிழமைக் கணக்கில் சேரும் என்று கேட்டாள். அதைப் பங்குச் சாமியாரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அம்மா மறுபடி பீன்ஸை எடுத்து நார் கிள்ளத் தொடங்கினாள். கிள்ளிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், இன்னொரு கேள்வி கேட்டாள்.

“அப்போ அவ சனிக்கிழமை பொறந்தாளே, அன்னிக்கு இங்க என்ன கெழமை?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷக்கணக்காக இந்தப் பாடத்தை நடத்துகிறவள் நான். லண்டனில் மதியம் என்றால் கொல்கத்தாவில் மணி என்ன என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன். என் சொந்தப் பிறப்புக்கும் அவள் பிறப்புக்கும் நடுவே அதே பூகோளம் இருக்கிறது என்பது ஒரு நாளும் என் மண்டையில் ஏறவில்லை. ஜாதகம் எழுதும் வீடாக இருந்திருந்தால் அன்றைக்கே நாழிகை பார்த்துத் தீர்த்திருப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதி மட்டும்தான் இருக்கும். அவள் தேதி சிறியது, என் தேதி பெரியது. அதைப் பார்த்து இரண்டு குடும்பங்களும் ஒருத்தியை அக்கா என்றும் ஒருத்தியைத் தங்கை என்றும் முடிவு செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

இது எனக்கு ஏன் இத்தனை முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரியம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனாள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அக்கா போன் செய்தாள். அம்மாவுக்கு அப்போதுதான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது, சித்திக்கு அதிர்ச்சி வேண்டாம் என்று தானே முடிவு செய்ததாகச் சொன்னாள். ‘நான்தானே பெரியவ, நான்தானே முடிவு எடுக்கணும்’ என்றாள். அம்மா தன் கூடப்பிறந்தவளின் முகத்தைப் போனில்கூடக் கடைசியாகப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில், அக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் உனக்கு இத்தனை திமிர், இனிமேல் அப்படிக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி கூப்பிடவுமில்லை.

ஒருத்தியை எந்தச் சொல்லும் சொல்லி அழைக்காமல் அவளோடு பேசுவது எத்தனை கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மூத்தவளைப் பெயர் சொல்லி அழைக்க வாய் வராது. அக்கா என்பதைத்தான் விட்டாயிற்று. போன் எடுத்தால் ‘ஹலோ’, நடுவில் ‘இங்க பாரு’, முடிக்கும்போது ‘சரி, வைக்கட்டுமா’. செய்தி அனுப்பினால் மொட்டையாக விஷயத்தில் தொடங்கும். பள்ளிக்கூடத்து சர்க்குலர்கூட அதைவிட அன்பாக இருக்கும். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் அவளை என்றைக்கோ மன்னித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் தன் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் ஒரு பூசை வைக்க வேண்டும் என்று முதல்முறையாகத் தனியாக மைசூருக்கு வருகிறாள். திரும்பிப் போகும் டிக்கெட் இன்னும் போடவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

அவள் அக்காவே இல்லை என்று நிரூபித்துவிட்டால் என்ன ஆகும்? பெரியவள் என்ற உரிமையில் எடுத்த முடிவு செல்லாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லலாம். இந்த எண்ணம் வந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் அவ்வளவு கௌரவமானது இல்லை. ஆனாலும் ஏற்பட்டது.

அம்மாவின் பைபிளுக்குள் பெரியம்மா எழுதிய பழைய கடிதம் இருந்தது. ‘சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்துக்குப் பெண் குழந்தை’ என்று அதில் தெளிவாக இருந்தது. என் நேரத்துக்கு எழுத்து எதுவும் இல்லை. அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஆறு மணி ஷிப்டுக்கு மில்லில் சங்கு ஊதிய பத்து நிமிஷத்தில் நான் பிறந்ததாக அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையானதால் அப்பாவுக்கு ஹெப்பாள் பாக்டரியில் லீவு, சங்குச் சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கைக்கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைத்துக்கொண்டார் என்று அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆக, என் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து.

மாணவியின் நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்தோடு பன்னிரண்டரை மணி நேரம் கூட்டினால் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பது. நான் ஆறு பத்து. போச்சு. அவள்தான் மூத்தவள். ஆனால் ஒரு நாள் மூத்தவள் இல்லை, வெறும் அரை மணி நேரம். இத்தனை வருஷமும் ஒரு முழு நாள் என்று நினைத்து நான் அடங்கிக் கிடந்ததை எண்ணி வயிறு எரிந்தது. அரை மணி நேரம் என்பது எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். அதற்காகவா அவள் போட்டுப் பழசாகிக் கனடாவிலிருந்து வந்த கவுன்களை நான் போட்டேன்?

நோட்டை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் அதைப் பற்றி நினைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்துமஸ் போன் ஞாபகத்துக்கு வந்தது. பெரியம்மா வேலை முடிந்து வந்து, அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களுக்குப் போன் செய்வாள். ஜூன் மாதம் அம்மா பிறந்தநாளுக்கு அது சரியாகக் காலை ஆறரைக்கு வரும். கிறிஸ்துமஸ் காலையில் மட்டும் ஏழரைக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரமும் அப்பா புதுச் சட்டையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்து, குளிர் வந்தால் இந்தப் பனிநாட்டுக்காரர்களுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது என்று பெரியம்மாவைத் திட்டுவார். கோயிலுக்கு நேரமாகிறது என்று அம்மா பறப்பாள்.

அது சோம்பல் இல்லை. குளிர்காலத்தில் அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். அப்போது வித்தியாசம் பன்னிரண்டரை இல்லை, பதின்மூன்றரை. நாங்கள் இருவரும் பிறந்தது டிசம்பரில். வாயில் பற்பசை நுரையோடு ஓடிப்போய் நோட்டைத் திறந்தேன். ஐந்து பத்தோடு பதின்மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. நான் ஆறு பத்து. நான்தான் அக்கா. அதே அரை மணி நேரம், இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கையில் கிடைத்துவிட்டதே தவிர, அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது திடீரென்று ‘நான்தான் பெரியவள்’ என்று தோன்றும், நிமிர்ந்து நிற்பேன். அடுத்த நிமிஷமே, அப்படியானால் அப்பா செத்த அன்று விடிய விடியப் போனை வைக்காமல், நான் அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் யார் என்று தோன்றும். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் தோற்றபோது, தானும் ஒருமுறை தோற்றதாகச் சொல்லி என்னைத் தேற்றினாள். அவள் தோற்றதே இல்லை என்று பெரியம்மா பிற்பாடு சொன்னாள். அக்கா என்பதால் அவள் சொன்ன பொய் அது. அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? அரை மணி நேரம் சின்னவள் ஒருத்தி எனக்குச் சொன்ன பொய் என்றா? குழம்பிப்போய்ப் பிள்ளைகளுக்கு மகர ரேகையைக் கடக ரேகை என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் திருத்தினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வாடகைக் காரில் கிளம்பினேன். அம்மாவால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, வீட்டில் இருந்துகொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வழி முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘நீ பெரியவ இல்ல. உனக்கு முடிவு எடுக்க உரிமையே இல்ல. எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு.’ ராமநகரம் வரும்போது இது நியாயமாகப் பட்டது. பெங்களூரு ட்ராபிக்கில் மாட்டிக்கொண்டபோது கேவலமாகப் பட்டது. விமான நிலையத்தில் இறங்கியபோது எதுவுமே படவில்லை, காபி வேண்டும் போலிருந்தது.

பதினொன்றே காலுக்கு அவள் வெளியே வந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவோடு வந்துபோனவள். முன் தலையில் நரை விழுந்திருந்தது. முகம் பெரியம்மாவின் முகம். வண்டியில் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். நான் கை காட்டினேன். கூப்பிடத்தான் வேண்டியிருந்தது, ஆனால் என்னவென்று கூப்பிடுவது? பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, “வா” என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். விமான வாடையும் ஏதோ எலுமிச்சை சோப்பு வாடையும் அடித்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை.

காரில் ஏறியதும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். அப்படியானால் தன் வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்டாள். அம்மாவும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றேன். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு பிடதி வரை அவள் தூங்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தச் சொன்னேன். இட்லி வந்தது. அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, இது காலைச் சாப்பாடா ராத்திரிச் சாப்பாடா என்று வயிற்றுக்குத் தெரியவில்லை என்றாள். இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. களைத்துப் போயிருந்தவளிடம் அப்போதே கேட்டிருக்க வேண்டியதில்லை.

“நீ பொறந்தப்ப இங்க மணி என்னன்னு உனக்குத் தெரியுமா?” என்றேன்.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஆறு நாப்பது. நீ ஆறு பத்து.”

ஓட்டல்காரன் சாம்பார் ஊற்ற வந்தான். இரண்டு பேரும் வேண்டாம் என்று கையைக் காட்டினோம். அவன் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் உலக நேரங்களைப் பற்றி ஒரு பாடம் வந்ததாம். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் என் பிறந்த நேரத்தைக் கேட்டு, அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாளாம். பெரியம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாளாம். இந்த நாட்டில் உன்னை உறவு சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை, அங்கே ஒருத்தி இருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு அக்காவாக இரு என்று.

“நீ ஜியாகரபி டீச்சர் ஆனேன்னு சித்தி சொன்னப்ப எனக்கு ரொம்ப பயமாப் போச்சு. இன்னிக்குக் கண்டுபிடிப்பா, நாளைக்குக் கண்டுபிடிப்பான்னு இருந்தேன். நீ கண்டுபிடிக்கவே இல்ல,” என்றாள்.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் எல்லாம் மறந்துபோயிற்று. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெரியவ இல்லன்னு தெரிஞ்சும் ஏன் அப்படி ஒரு முடிவு எடுத்தே என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா போறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. யாரையாவது கேக்கணும்னு இருந்துச்சு. உன்னத்தான் கேக்கணும்னு இருந்துச்சு. ஆனா அக்கான்னா கேக்கமாட்டா அல்வா? தங்கச்சி மேல பாரத்த வைக்கமாட்டா அல்வா? அதனால அக்கா என்ன செய்வாளோ, அதச் செஞ்சேன். தப்பாச் செஞ்சுட்டேன்.” டம்ளரைத் தள்ளி வைத்தாள். “இனிமே நீ அக்காவா இரேன். என்னால முடியல.”

நான் பிடுங்கிக்கொள்ள வந்ததை அவளே எடுத்து என் தட்டில் வைத்துவிட்டாள். வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் தோன்றவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டுக் காருக்கு வந்தோம். இத்தனை வருஷம் அவள் எனக்கு அக்காவாக இருந்தது பிறந்ததால் இல்லை, தெரிந்தே செய்தாள் என்பது மண்டியா தாண்டித்தான் எனக்கு மெல்ல உறைத்தது. அப்போது அவள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவளிடம் நான் கோபமாக இருந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலத்தின்மேல் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் கை என் மடியில் கிடந்தது. முள் வைத்த பழைய கடிகாரம், பெரியம்மாவுடையது. அதில் மணி மூன்று. என் போனில் மூன்றரை. வான்கூவர் மணியை அவள் இன்னும் மாற்றவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கடிகார முகத்தில் தெரியாது, ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். மிச்சம் அரை மணி நேரம்தான். அத்தனை ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்து வந்தவளுக்கும் எனக்கும் நடுவே கடைசியில் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அம்மா வாசல் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கியவளைக் கட்டிக்கொண்டு, தன் அக்காவின் பெயரைச் சொல்லி அழுதாள். அவளும் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள் என்று நினைக்கிறேன், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசியதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, “அக்கா பொட்டிய எடுத்து உள்ள வைடீ” என்று என்னிடம் சொன்னாள். வைத்தேன்.

உள்ளே வந்ததும் அம்மா முதலில் குளி என்றாள், உடனே முதலில் சாப்பிடு என்றாள், பெரியம்மாவின் பூசைக்கு நாளைக் காலை எட்டு மணிக்குப் போக வேண்டும் என்றாள். அவள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இப்ப நான் தூங்கலாமா, கூடாதா? எனக்கு மணியே புரியல,” என்றாள். என்ன செய்யலாம் என்று அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“தூங்கு. சாயங்காலம் நான் எழுப்பறேன்,” என்றேன்.

சொன்னதும் போய்ப் படுத்துவிட்டாள். மறு பேச்சுப் பேசவில்லை. கால் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான்தான் கழற்றி வைத்தேன். இத்தனை வருஷமும் அக்காவாக இருப்பது சுகமான வேலை என்று நினைத்திருந்தேன். ஒருத்தி நம் பேச்சைக் கேட்டு நம்பித் தூங்கிவிட்டால் எத்தனை பயமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு மணிக்கு அம்மா சோறு ஆறுகிறது என்று இரண்டு முறை குரல் கொடுத்தாள். அவளை எழுப்பப் போனேன். கட்டிலருகே நின்றபோது மறுபடி அதே தொல்லை. ஒருத்தியை எழுப்ப வேண்டுமானால் ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நான் மூத்தவள், பெயர் சொல்லிக் கூப்பிடலாம், கணக்குப்படி எனக்கு அந்த உரிமை உண்டு. அவள் பெயரை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரோ பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பெயர் போலிருந்தது.

“அக்கா,” என்றேன். “எழுந்திரு, மணி ஆறாச்சு.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. போர்வையை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“இன்னும் அரை மணி நேரம், அக்கா,” என்றாள்.